முகம் பார்க்கிற வேலை

என் வேலை கடை வாசலில் நிற்பது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜவுளிக்கடையில் நான் லேடி செக்யூரிட்டி. சேலைக்கு மேல் ஒரு நீலச் சட்டை, கையில் ஒன்றும் கிடையாது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரினேன். கண்ணில் சதை வளர்ந்துவிட்டது, இனிமேல் அந்த வெள்ளை வெளிச்சத்தில் நின்றால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இந்த வாசல் போனால் எனக்கு வேறு வாசல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டத்தான் போகிறீர்கள்.

போன ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு அந்த போர்டு வந்தது. ‘முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வரக்கூடாது.’ எங்கேயோ வடக்கே பர்தா போட்டுக்கொண்டு யாரோ திருடினார்கள் என்று ஒரு வீடியோ வியாபாரிகள் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியிலும் அதே பேச்சுதான். பர்தாவைத் தடை செய்யலாமா கூடாதா என்று நாலு ஆம்பளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு பொம்பளை முகத்துக்காகக் கத்துவார்கள். யார் ஜெயித்தால் என்ன? மறுநாள் காலையில் வாசலில் நின்று கேட்கவேண்டியவள் நான்.

எங்கள் கடைக்குப் பாதி வியாபாரம் பக்கத்து ஊரான கூனிமேட்டு முஸ்லிம் பெண்களால்தான். சிலர் பேசாமல் துணியைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுதமுடியாது. போர்டு வைத்தவர் ஏசிக்குள் இருந்தார், திட்டு வாங்கிய நான் வெயிலில் நின்றேன்.

ஷாகிராவும் கூனிமேட்டுக்காரிதான். புருஷன் துபாயில். மாசத்துக்கு இரண்டு தரமாவது வருவாள். கண் மட்டும்தான் தெரியும். வந்ததும் முதல் பேச்சு, “சாப்டீங்களாக்கா?” கடைக்கு வருகிற ஆயிரம் பேரில் என்னை அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். உப்பளத்தில் முப்பது பேர் இருந்தோம். கண்ணைத் தவிர எல்லாவற்றையும் துணியால் சுற்றிக்கொண்டுதான் வேலை. நடையைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிப் பழகியவள் நான். அதனால் ஷாகிராவின் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

போர்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “நீங்க பாத்தா போதுமாக்கா?”

“போதும், வா” என்று ட்ரயல் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முகத்திரையைத் தூக்கினாள். கண்ணுக்குக் கீழே கருப்பு, என்னைப் போலவே தூங்காத முகம். இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். அதற்குப் பிறகு மூன்று தரம் அப்படியே நடந்தது. வேலையும் போகவில்லை, அவள் மனசும் நோகவில்லை. நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் முதலாளி சிவப்பிரகாசம் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனுஷன். “ட்ரயல் ரூம் வேலைல்லாம் இனிமே வேணாம்மா. வியாபாரிங்க சங்கத்துல கேக்கறாங்க. வாசல்லயே நின்னு கேமராவுக்குக் காட்டட்டும்” என்றார்.

அன்றைக்கே ஷாகிரா வந்தாள், மகள் முஸ்கானோடு. முஸ்கானுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. யூனிபார்முக்கு வெள்ளைத் துணி வேண்டும், திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. நான் மென்று விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“கேமராவுலயா? அத யார் யாரு பாப்பாங்க?”

“தெரியலம்மா.”

அவள் சண்டை போடவில்லை. மகளைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். துணியின் ஓரத்தில் கையை வைத்தாள். காட்டிவிடத்தான் இருந்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து உப்பளத்தில் வேலை முடிந்து மலர்கொடியும் பாப்பாத்தியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். என்னோடு வேலை செய்தவர்கள். காலில் உப்பு காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது. “வாடி மலர்கொடி, இன்னிக்கு சீக்கிரம் முடிச்சிட்டீங்களா?” என்று நானே கதவைத் திறந்து பிடித்தேன். சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஷாகிரா துணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அவங்க மொகம் கேமராவுல விழுந்துச்சாக்கா?”

எனக்கு முதலில் புரியவில்லை. திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலு பேரும் மூக்குக்கு மேல் வரை துண்டு சுற்றியபடி ஜாக்கெட் பிட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது மூடின முகம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷம் நானும் அதைச் சுற்றியவள், எனக்கு அது வேலைக்குப் போகிற துணி. கல்லாவிலிருந்த முதலாளிக்கும் தோன்றவில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டது என் கை.

“வாம்மா, பாண்டில வாங்கிக்கலாம்” என்று முஸ்கான் அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஷாகிரா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் மலர்கொடியைத் தடுத்தேன். “துண்ட எடுத்துட்டு உள்ள போ.”

“ஏன்டி, என்னைத் தெரியலயா ஒனக்கு?”

“தெரியுது. கேமராவுக்குத் தெரியணும். எடு.”

அவள் சத்தம் போட, முதலாளி எழுந்து வந்தார். “அவங்கள ஏம்மா நிறுத்தற? அந்த போர்டு அவங்களுக்கு இல்ல.”

துணி பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அதில் இரண்டு பேர் பர்தாவில் இருந்தார்கள், கொஞ்சம் முன்னால்தான் வாசலில் முகம் காட்டிவிட்டு உள்ளே போனவர்கள்.

“அப்ப யாருக்குன்னு அதுலயே எழுதிடுங்க சார்” என்றேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவர் “எனக்கு மட்டும் ஆசையா?” என்று முனகிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவரே டீ வாங்கி அனுப்பினார். போர்டை எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவில்லை. நான் அந்த டீயைக் குடித்தேன். மறுநாளும் அதே வாசலில் நின்று, வந்தவர்களிடம் அதையே கேட்டேன். திட்டுவதானால் இப்போது திட்டுங்கள்.

மலர்கொடி இப்போது எதிர்க்கடையில் வாங்குகிறாள்.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றேன். பாண்டி பஸ்ஸிலிருந்து கருப்புப் பர்தாவில் ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்திக்கு இடது காலை இழுத்து வைத்த நடை. கையில் வேறு கடைப் பை. ஓடிப்போய் எதிரில் நின்றேன். கேட்க வைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. “முஸ்கான் காலேஜ் போறாளா?” என்றுதான் கேட்டேன்.

“போறாக்கா.” பையைக் கை மாற்றிக்கொண்டாள். “சாப்டீங்களா?”

“ம்.”

“வரேன்க்கா” என்று கூனிமேட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

எப்போதும் கேட்கிற அதே கேள்விதான். கோபமாகக் கேட்டாளா, பாவம் என்று கேட்டாளா, பழக்கத்தில் கேட்டாளா, குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான், அந்த முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று எனக்கே தோன்றியது. ட்ரயல் ரூமில் காட்டினாளே, அப்படி அவளாகக் காட்டினால் பார்க்கவேண்டும். இனி எந்த வாயால் நான் அதைக் கேட்பேன்?