முட்டி வலிக்குப் போனவள்

தையல்காரிக்கு முட்டி வலி. காலமெல்லாம் மிஷின் மிதித்துத் தேய்ந்த கால். கணவனை இழந்தபின் அவளும் அவளுடைய அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணியும் தனிக்கட்டைதான், தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். நாத்தனார் அளவுக்கு வாயாடத் தெரியாது.

முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டு அட்டை இருவருக்கும் வந்த கொஞ்ச நாளில், தெருவுக்குள் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. தனியார் மருத்துவமனையின் இலவசப் பரிசோதனை. வேனில் வந்த பெண் வீடு வீடாக ஏறி இறங்கினாள். என்ன வலி என்று யாரையும் கேட்கவில்லை. அட்டை இருக்கிறதா என்றுதான் கேட்டாள். அண்ணிக்கு அது உறுத்தியது. தையல்காரியோ நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

மாலையில் போன் வந்தது. இதயத்தில் அடைப்பாம். மறுநாள் காலையிலேயே ஸ்டென்ட் வைக்கப் போகிறார்களாம்.

அண்ணி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வார்டுக்குள் நுழைந்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தெரிந்த முகங்கள். சலூன்காரர், தபால்காரர், மூலைவீட்டு அம்மா. கண் மங்கல் என்று வந்தவருக்கும் இடுப்பு வலி என்று வந்தவருக்கும் அதே அடைப்பு. ஒருவர் முகத்திலும் பயமில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள்போல அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணி கட்டிலோரம் குனிந்தாள். "உனக்கு நெஞ்சுல என்னைக்காவது வலிச்சிருக்கா?"

"வலிக்காத அடைப்புதான் ஆபத்தாம், அண்ணி. டாக்டரே சொன்னாரு."

"எழுந்திரு. வேற ஒருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

தையல்காரி தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "பெத்ததுங்க ஒண்ணாவது என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கா? இங்க வேளாவேளைக்குக் கேக்குறாங்க. நான் வரல."

அப்போது யாரோ அண்ணியின் தோளைத் தொட்டார்கள். நர்ஸ். சொந்த மகளைப்போலச் சிரித்தாள். "உங்களுக்கும் அட்டை இருக்குல்ல? வந்தது வந்துட்டீங்க, ஒரு டெஸ்ட் எடுத்துடலாமேம்மா."

அண்ணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அட்டை வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னாள். வாசலுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான், நாத்தனாரை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது.

அந்த வார்டிலிருந்து தபால்காரர் உயிரோடு திரும்பவில்லை. வயதாகிவிட்டதல்லவா என்றார்கள். தையல்காரி திரும்பி வந்தாள். முட்டி வலி அப்படியே இருந்தது, கூடவே மூச்சிரைப்பும். வாசல் படி ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி காப்பீட்டுப் புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். நோயாளிதான் புகார் தரவேண்டும் என்றார்கள். நோயாளிக்குக் குறை ஒன்றும் இல்லை.

மறுவாரம் பக்கத்துத் தெரு ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். தையல்காரி நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ராஜ கவனிப்பு என்றாள். வேன்காரப் பெண்ணின் நம்பரைக் கேட்டார்கள். எண்ணுக்கு எண் நிறுத்தி, மூச்சு வாங்கி, அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"அதை எழுதிக்காதீங்க," என்றாள் அண்ணி.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.