மூன்று மணி வாசிப்பு

மக்கீனின் கையில் அந்தத் தாள்களைத் திணிக்கும்போது மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தோட்டத்துப் பெரிய துரையின் கார் புசல்லாவைக் கடைத்தெருவின் மேல் வளைவில் ஹோன் அடித்துவிட்டது. வாசகசாலைச் செயலாளர் தியாகராஜா மாஸ்டர் புதுக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, "இதுதான் வரவேற்புப் பத்திரம். நாலு பக்கம். நீர் தடக்காமல் வாசிப்பீர் எண்டு எனக்குத் தெரியும், முதல்ல வாசிச்சுப் பாக்க இப்ப நேரமில்லை" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார். நேற்றே கொடுத்திருக்கலாம். முந்தாநாளும் கொடுத்திருக்கலாம். வியாழக்கிழமையே எழுதி முடித்ததை ஞாயிறு பிற்பகல் வரைக்கும் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது ஏன் என்று கேட்க மக்கீனுக்கு அப்போது தோன்றவில்லை. நல்ல மனிதர்களுக்கு இதெல்லாம் எப்போதும் பிந்தித்தான் தோன்றும்.

மக்கீன் தையல்காரர். மஹ்ரூப் ஹாஜியாரின் புடைவைக் கடை விறாந்தையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறவர். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் தையலுக்காகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சோறும் தின்றுவிட்டு, வித்தியாவிருத்தி வாசகசாலையின் வாசற்படியில் நின்று, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்ப் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் உரத்து வாசிப்பார். சும்மா சொல்லக்கூடாது, தொண்டை என்றால் தொண்டை. எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்தபடியே தேத்தண்ணீர் குடிப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கும். உள்ளே ஒரு அலுமாரியும் உட்கார இரண்டு வாங்குகளும் பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும் இடமுந்தான். வெளியே தெருவில் நூறு, நூற்றைம்பது பேர், அத்தனை பேரும் சுற்றுவட்டத் தோட்டத்து ஆட்கள். சந்தைக்கு வந்தவர்கள் கூடையை இடுப்பிலும் பிள்ளையைத் தோளிலும் வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள்.

அந்த வாசிப்புக்கு ஒரு முறை இருந்தது. ஒரு செய்தி முடிந்ததும் மக்கீன் நிறுத்துவார். கூட்டத்திலிருந்து வடிவம்மா, "அப்புடின்னா என்னா நானா?" என்பாள். கறுவாமலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். அவள் கேட்காமல் செய்தி முடிந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மக்கீன் "அதாவது" என்று தொடங்குவார். பத்திரிகைத் தமிழ் அங்கே உரிபட்டு வாய்த் தமிழாகும். ஒருமுறை, நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கும் தோட்டத் தொழிலாளருக்கே வாக்குரிமை என்று ஒரு நீண்ட செய்தி வந்தது. "அதாவது, இங்கயே இருந்து இங்கயே மவுத்தாகப் போறம்னு காட்டினாத்தான் வோட்டு" என்றார் மக்கீன். "அதத்தான் நாங்க யாருக்கும் காட்டாமலே செஞ்சுக்கிட்டு வர்றோம்" என்றாள் வடிவம்மா. தெரு முழுக்கச் சிரித்தது. மக்கீனுக்கு அன்று இரவு வரைக்கும் அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்தியது.

மலேரியாக் காய்ச்சல் கேகாலைப் பக்கத்தை வாரிக்கொண்டு போன மாசங்களில் ஒருநாள் மட்டும் அவர் தப்புச் செய்தார். எந்தெந்த ஊரில் எத்தனை சாவு என்று போட்டிருந்த பகுதியை, இந்தச் சனங்கள் ஏன் பயப்பட வேண்டும் என்று நினைத்துத் தாண்டிவிட்டார். வடிவம்மாவின் தங்கச்சி பாலம்மா அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தாள். அவள் செத்த செய்தி வேறு வழியில் வந்து சேர்ந்தபோது பத்து நாள் கழிந்திருந்தது. வடிவம்மா விறாந்தைக்கு வந்து நின்றாள், அழவில்லை. "எங்களுக்குப் பதிலா நீங்க ஏன் நானா பயந்தீங்க? எங்களுக்குக் கண்ணு இல்லன்னுதானே ஒங்க கண்ண நம்பி வர்றோம். இருக்கிறத வாசிங்க" என்றாள். அன்றிலிருந்து ஒரு சொல்லையும் விடுவதில்லை என்று மக்கீன் அவளிடமே சொல்லியிருந்தார்.

மண்டபம் கட்டுகிற பேச்சு வந்ததும் அந்த வாசிப்பினால்தான். புசல்லாவை மழை சொல்லிக்கொண்டு வராது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் நனைந்து நின்று கேட்பார்கள், பத்திரிகையும் நனைந்து கூழாகும். "நூறு பேர் ஒதுங்கி நிக்க ஒரு கூரை வேணும்" என்று கமிட்டியிடம் போய்க் கேட்டவர் மக்கீன். தலைவர் மஹ்ரூப் ஹாஜியார் தாடியைத் தடவினார். தியாகராஜாவுக்குக் கண் மின்னியது. விரிவாக்கத் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரிய தாளில் படம் கீறினார். மண்டபம், மேடை, நாலு அலுமாரி, மாசம் ஒரு சொற்பொழிவு, மீலாத் விழா, சரஸ்வதி பூசை, கட்டுரைப் போட்டி. துரை கூரைத் தகரம் தருவதாகச் சொன்னார். கல்லுக்குத்தான் வழியில்லை. அதற்கும் மக்கீனைத்தான் அனுப்பினார்கள். அவர் தோட்டம் தோட்டமாக ஏறி, லயத்து வீட்டு வாசல்களில் நின்று, "உங்களுக்குத்தான் கட்டுறாங்க. மழ பேஞ்சாலும் உள்ளுக்க குந்திக் கேக்கலாம்" என்று சொன்னார். சொன்ன வாய் அவருடையது. பதினான்கு ஞாயிறு, ஆறு நாளும் மலையேறிய கால்களோடு, ஆணும் பெண்ணும் ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். வடிவம்மாவின் உச்சந்தலையில் ஒரு இடத்தில் முடியே போய்விட்டது.

தியாகராஜா இதற்கிடையில் கண்டிக்குப் போய் அங்கே ஒரு வாசகசாலையைப் பார்த்துவிட்டு வந்தார். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த நாளில் அதே பேச்சுத்தான். "ஒரு ஊசி விழுந்தாலும் கேக்கும் மக்கீன். அப்பிடி ஒரு அமைதி. எங்கட இடம் சந்தை மாதிரியெல்லோ கிடக்கு." பல்லில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டு மக்கீன் சிரித்தார். பாவி மனிதர், அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

இப்போது திறப்பு விழாவுக்காக மண்டபத்துக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய கதிரைகள் நாலு வரிசை. கடைக்காரர்கள், கிளாக்கர்மார், தோட்டத்துப் பெரிய கங்காணிகள் அமர்ந்திருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றுக்கு அப்பால், ஜன்னல்களுக்கு வெளியே, கல் சுமந்தவர்கள் நின்றார்கள். தெருவில் மேலும் கீழுமாகக் கூட்டம் நீண்டு கிடந்தது. "ஏன் வெளிய நிக்கிறாங்க?" என்று மக்கீன் கேட்டபோது தியாகராஜா, "துரை போகுமட்டும்தான்" என்றார். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பது இதுதான் போலும். இருந்தாலும் துரை போகட்டும், பிறகு இந்தக் கயிற்றை நானே அவிழ்க்கிறேன் என்று மக்கீன் மனதை அடக்கிக்கொண்டார்.

துரை வந்தார், மாலை விழுந்தது, மேளம் ஓய்ந்தது. மக்கீன் மேடையேறி வாசிக்கத் தொடங்கினார். முதல் இரண்டு பக்கம் துரையின் புகழ். கற்பக விருட்சம், கருணைக் கடல், கல்விக்குக் கலங்கரை விளக்கம். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும், ஆட்களை ஏசுமளவுக்குத் தெரியும். இந்தச் செந்தமிழ் அவருக்கும் விளங்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் விளங்கவில்லை. மூன்றாம் பக்கம் கட்டடத்துக்கு உதவியவர்களின் பெயர்கள். தகரம் தந்தவர், மரம் தந்தவர், சுண்ணாம்பு தந்தவர். கல் எங்கிருந்து வந்ததென்று அதில் இல்லை. கல் தானாக உருண்டு வந்து சுவராக ஏறிக்கொண்டது போலும்.

நாலாம் பக்கம், புதிய மண்டபத்தின் விதிகள்.

வாசித்துப் பழகியவனின் கண் வாயைவிட ஒரு வரி முன்னால் ஓடும். நாலாவது விதியை வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதைக் கண் பார்த்துவிட்டது. மக்கீன் நின்றார். ஐந்து வருஷத்தை அறுக்கிற கத்தியை நல்ல தாளில் சுற்றி அவர் கையிலேயே கொடுத்து, உன் குரலாலேயே அறு என்று மேடையேற்றியிருக்கிறார்கள். தியாகராஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரிகளைத் தாண்டிவிடலாம். தாண்டினால் தியாகராஜா வாய் திறக்கமாட்டார், ஹாஜியாருக்கும் நிம்மதி, விறாந்தையில் மெஷினும் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த ஞாயிறு வந்த பிறகல்லவா வெளியே நிற்பவர்களுக்குத் தெரியவரும்? பத்து நாள் பிந்திச் செய்தி கேட்டு வந்து நின்றவளின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது.

வாசித்தார்.

"ஐந்தாவது. நூல்நிலையத்தின் அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் உரத்த வாசிப்பு, உரையாடல், வியாக்கியானம் ஆகியன இன்றுமுதல் அறவே விலக்கப்படும். ஆறாவது. எழுத்தறிவுடையோர் மாத்திரமே மண்டபத்தினுள் ஆசனம் பெறுவர்."

நிறுத்தினார். எப்போதும் நிறுத்துவது போலத்தான் நிறுத்தினார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அப்புடின்னா என்னா நானா?"

கதிரைகளில் சிலர் சிரித்தார்கள். தியாகராஜா மேடையோரம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "விளக்கம் ஒண்டும் வேண்டாம். மேல வாசியும்" என்றார். முன்வரிசையிலிருந்து ஹாஜியார், "மக்கீன், மத்தத வாசிங்க. நாளைக்கும் நம்ம முகத்த நாம பாக்கணும்" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் விறாந்தை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

"அதாவது," என்றார் மக்கீன். கதிரைகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "அதாவது, நீங்க சுமந்த கல்லுல கட்டின இந்த மண்டபத்துக்குள்ள நீங்க வர ஏலா. எழுத்துத் தெரிஞ்சவங்க மட்டுந்தான் வரலாம். ஞாயித்துக்கெழம வாசிப்பு இனி இல்ல. நான் வாசிக்கவும் ஏலா, நீங்க அப்புடின்னா என்னான்னு கேக்கவும் ஏலா. கல்லுத் தூக்க வாங்கன்னு உங்கட லயத்துக்கு வந்து சொன்னது நான். எனக்கு இது இப்பதான் தெரியும். ஆனா சொன்னது நான்தான்."

துரைக்கு இந்தத் தமிழ் விளங்கியது. முகம் மலர்ந்து, "ஆமா, ஆமா. சத்தம் கூடாது. நல்ல ரூல்" என்று சொல்லிக் கை தட்டினார். துரை தட்டினால் கங்காணி தட்ட வேண்டும். கங்காணி தட்டினால் கிளாக்கர் தட்ட வேண்டும். நாலு வரிசையும் தட்டியது. வெளியே ஒரு கையும் அசையவில்லை. அந்தக் கைதட்டலின் நடுவே நின்றதைப்போல ஒரு வெட்கக்கேடு மக்கீனின் ஆயுளில் வேறு நடந்ததில்லை.

சத்தம் அடங்கியதும் தியாகராஜா அவர் கையிலிருந்து தாளை வாங்க வந்தார். "இப்பிடிச் செய்வீர் எண்டு நான் நினைக்கேல்லை. பத்து வருஷமா நான் இந்த ஊருக்கு ஒரு மரியாதையான இடம் வேணுமெண்டு..." என்று தொடங்கினார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. மக்கீன் தாளைக் கொடுக்கவில்லை.

"வெளிய நிக்கிறவங்கள்ள ஒருத்தருக்கும் அதுல மரியாத இல்லாமப் போச்சே மாஸ்டர்" என்றார்.

வடிவம்மா ஜன்னல் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி நின்றாள். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்தவள் போல இருந்தாள். அதுதான் மக்கீனுக்குத் தாங்க முடியவில்லை.

"பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல நானா" என்றாள் அவள். "இன்னொருக்கா வாசிங்க. இருக்கிறத அப்புடியே வாசிங்க."

மக்கீன் மேடையிலிருந்து இறங்கினார். முன்வரிசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார். ஹாஜியார் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை. ஐந்தாவது என்று தொடங்கினார், தொண்டை முழுவதையும் திறந்து. ஜன்னலில் நின்றவர்கள் அதைப் பின்னால் திரும்பிச் சொன்னார்கள். அவர்கள் தங்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். உரத்த வாசிப்புக் கூடாதாம், உரத்த வாசிப்புக் கூடாதாம் என்று அந்த வரி வாய்க்கு வாய் தாவி, சாப்பாட்டுக் கடையைத் தாண்டி, துரையின் காரைச் சுற்றி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் இரைச்சலோடு இறங்கிப் போனது. உள்ளே தியாகராஜா மேசை மணியை அடித்துக்கொண்டே இருந்தார். தெருச் சரிவின் கடைசியில், கூடைகளுக்கு நடுவே நின்ற ஒருவன், கேட்டுவிட்டது என்று கையை உயர்த்தினான். அதுவரைக்கும் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்து நின்ற மக்கீன், விரலை ஆறாவதுக்கு நகர்த்தினார்.