வழி வாய்க்கால் உரிமை

1

இந்தக் கதை ரயிலில் என் காதில் விழுந்தது. ஜெர்மனியில், ஹம் நகருக்குப் போகும் வண்டியில், எதிர் இருக்கைப் பெண் கைபேசியில் சொன்னாள்: "இல்லை அண்ணை, காணி உங்கடைதான். கீழாலை தண்ணி மட்டும்தான் போகும்." அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாள். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

'வானம் இருண்டு கிடந்த ஒரு மாலையில் ஆதிரை—'

வேண்டாம். ஆதிரை வானம் பார்க்கிறவளல்ல. ஒரு சிறு நகரசபையின் (பெயர் சொல்லமாட்டேன்) வடிகால் பிரிவில் வேலை. பொதுக் குழாய் யாருடைய நிலத்துக்கடியில் போகவேண்டுமோ, அவரிடம் சம்மதம் வாங்கி, அந்த உரிமையை நிலப்பதிவேட்டில் ஏற்றவேண்டும். போன கோடை மழையில் பள்ளத்துத் தெருவின் நிலவறைகள் மூழ்கின. நடக்கமுடியாத ஒருவரைத் தீயணைப்புப் படையினர் தோளில் தூக்கி வந்தார்கள். புதுக் குழாய்க்கு எல்லோரும் சம்மதித்தார்கள், கதிர்காமநாதனைத் தவிர.

3

(முதலில் அவரை வெறும் பிடிவாதக்காரராக எழுதினேன். அது எனக்கு வசதி, அவருக்கு அநியாயம்.)

"முந்தி உங்கடை கந்தோரிலையிருந்து வந்தவர் சின்னக் குழாய்தான், ஒண்டுமில்லை எண்டவர்," என்றார் கதிர்காமநாதன். "ஊரிலை ஆமிக்காரனும் கொஞ்ச நாளைக்கு எண்டுதான் என்ரை காணியிலை வேலி போட்டவன்."

ஆதிரை இனிப்புப் பூசவில்லை. "இது கொஞ்ச நாளைக்கில்லை அண்ணை. எப்பவும் இருக்கும். நீங்கள் வித்தாலும் வாங்கிறவர் இதுக்குக் கட்டுப்படவேணும். குழாய்க்கு மேலை ஒண்டும் கட்ட ஏலாது."

"அப்ப, ஊரிலை காணி உறுதிப் பத்திரத்திலை எழுதிற வழி வாய்க்கால் உரிமை எண்டு நேரே சொல்லும் பிள்ளை."

தேநீரோடு வந்த அவர் மனைவி சுந்தரேஸ்வரி அப்படியே நின்றார். "கட்ட ஏலாதோ? அதிலைதானே எனக்கு அறை போடப்போறம்."

முழங்கால் தேய்ந்தவர். மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் படுக்கைக்குப் போகிறார். அலுவலக வரைபடத்தில் அந்த அறை இல்லை. கேட்டால்தானே இருக்கும்.

4

[முடிவு அ: சுந்தரேஸ்வரி அறையை விட்டுக்கொடுக்கிறார், கண்ணீருடன்.]

[முடிவு ஆ: வழக்கு. இழுபறி. மறுபடி மழை, மறுபடி அந்தத் தெரு—]

இரண்டையும் அடித்தேன். கதையை முடிக்கும் அவசரத்தில் இன்னொருவர் முழங்காலைக் காவு கொடுப்பதா? ஆதிரையும் மசியவில்லை. பொறியாளரைப் பிடித்தாள். அறைக்கு இடம்விட்டுக் குழாயை வேலியோரமாகத் தள்ளலாம் என்றார் அவர். ஆனால் பாதி பக்கத்துக் காணியில் விழும். அங்கே இருப்பவர் லிண்டெமான் அம்மா. வேலி மரங்களை வெட்டும் தகராறில் கதிர்காமநாதனோடு பல வருடங்களாகப் பேச்சில்லை.

"நான் போய்க் கேக்கவோ அண்ணை?" என்றாள் ஆதிரை.

"வேண்டாம். தேவை என்ரை. நான்தான் கேக்கவேணும்."

போய் லிண்டெமான் அம்மா வீட்டு மணியை அழுத்தினார். தொழிற்சாலையில் கற்ற ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். லிண்டெமான் அம்மா கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு காலத்துக்கு?"

(இங்கே கதிர்காமநாதனைப் பொய் சொல்லவைக்கப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை.)

"எப்போதைக்கும்," என்றார்.

லிண்டெமான் அம்மா கதவை அடைக்கவில்லை. "உள்ளே வாருங்கள். வரைபடத்தைக் காட்டுங்கள்."

5

பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு முழு ஆவணத்தையும் வாய்விட்டு வாசித்தார். கதிர்காமநாதன் இடையில் கை உயர்த்தினார்: நகரசபை ஆட்கள் காணிக்குள் இறங்குவதானால் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும் என்றும் எழுதவேண்டும். ஆதிரை தலையாட்ட, எழுதினார்கள். இரு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள்.

குழாய் அடுத்த பெருமழையைத் தாங்குமா? அந்த மழையை நான் எழுதப்போவதில்லை. வெளியே வந்ததும் லிண்டெமான் அம்மா சுந்தரேஸ்வரியின் கையைப் பிடித்துப் படியிறக்கியபடி கேட்டார்: "உங்கள் புது அறைக்கு எந்தப் பக்கம் சன்னல் வைக்கப்போகிறீர்கள்?"

சுந்தரேஸ்வரி யோசிக்கிறார். ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் லிண்டெமான் அம்மாவின் வீடு. நான் பேனாவை மூடிவிட்டேன். சன்னலை நீங்கள் வையுங்கள்.