டோக்கன் நாற்பத்தொன்று, பேசவில்லை

காலை பத்து மணிக்கே மைக் செட்காரருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று அந்த மண்டபத்தில் நடந்த அத்தனைக்கும் மைக் கட்டியவர். மேடையேறிய ஒவ்வொருவரும் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக் கேட்டே காது மரத்துப்போனவர். ஆனாலும் இப்படி ஒரு கூத்தை அவர் பார்த்ததில்லை.

நாட்டின் அரசியல் சாசனத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்க்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டரிலும் போனிலும் கிடக்கிற ஒருவருடைய விவரம் அவருக்கே சொந்தம், அவர் சம்மதம் இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லும் பிரிவு. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? மக்கள் கருத்தைக் கேட்க ஐந்து பேர் கொண்ட குழு ஊர் ஊராகப் போகிறது. இங்கே இரண்டு நாள். கருத்துச் சொல்ல வருகிறவர் வாசலில் பெயர், போன் நம்பர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் எழுதி, கேமராவுக்கு முகத்தைக் காட்டி, 'உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு' என்ற கட்டத்தையும் நிரப்பினால்தான் டோக்கன் கிடைக்கும். மேடையேறியதும் அத்தனையும் அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் பளிச்சென்று வரும். நேரடி ஒளிபரப்பில் நாடே பார்க்கும்.

"ஏன் சார், அவங்கவங்க விவரத்தைக் காப்பாத்தத்தானே இந்தக் கூட்டம்?" என்று குழுவின் செயலாளரிடம் கேட்டார்.

"எல்லாம் வெளிப்படையா நடக்கணும்ப்பா. நாளைக்கு யாரும் எங்களைக் குறை சொல்லக் கூடாதுல்ல?"

"குறை சொல்லத்தானே சார் அவங்க வந்திருக்காங்க?"

"நீ ஒயரைப் பாரு."

ஒயரைத்தான் பார்த்தார். ஆனால் கண் மூன்றாவது வரிசைக்கே ஓடியது. அங்கே அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள், கையில் நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கனோடு.

அவள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. இரண்டு வருஷம் முன்னால் காசநோய் வந்தது. ஒருவேளை கூடத் தவறாமல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், குணமானாள், டாக்டரும் எழுதிக் கொடுத்தார். அதற்குள் சுகாதார அலுவலகத்தில் யாரோ ஒரு மகா புத்திசாலி நோயாளிகளின் பதிவேட்டை இணையத்தில் ஏற்றிவிட்டான். யாருடைய போன் நம்பரைத் தட்டினாலும் நோயின் பெயர் வந்து நிற்கும். காப்பகத்து மேடம் தட்டிப் பார்த்தார். மறுநாள் கேட்டிலேயே தங்கையின் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. இங்கே போனால் அங்கே என்றார்கள், அங்கே போனால் மேலே என்றார்கள். எடுக்கச் சொல்ல சட்டத்தில் இடமில்லை என்று கடைசியாக ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். சரி, சட்டத்துக்கெல்லாம் பெரிய சட்டத்திலேயே கேட்டுவிடுவோம் என்றுதான் அவள் இன்றைக்கு வந்திருந்தாள். இப்போது வேறொரு காப்பகத்தில் வேலை. சேர்ந்து இருபது நாள் ஆகிறது. அங்கே இன்னும் யாரும் அவள் நம்பரைத் தட்டிப் பார்க்கவில்லை.

பெயர் சொல்லாமல் பேசலாமா என்று காலையில் செயலாளரிடம் கேட்டாள். பேர் இல்லாத பேச்சு செல்லாது என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளை இப்படி நாடறியத் திரையில் ஏற்றி, இருக்கிற வேலைக்கும் உலை வைக்கப் போகிறார்களே என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

"டோக்கன் நாற்பத்தொன்று!"

மைக், திரை, ஒலிப்பதிவு, ஒளிபரப்பு எல்லாவற்றுக்கும் மின்சாரம் அவர் மேஜைக்கடியில் ஒரே பெட்டியிலிருந்துதான் போனது. தங்கை மேடைப்படியில் கால் வைத்ததும் அவர் குனிந்து அந்தப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. தங்கை செத்துப்போன மைக்கைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். குழந்தைகளை அதட்டிப் பழகிய குரல் அல்லவா, மைக் இல்லாமலே பேசினாள்.

"எனக்கு வந்த நோயை நான்தான் சொல்லணும், இல்ல சொல்லாம இருக்கணும். அது என் இஷ்டம். என்னைக் கேக்காம போடக் கூடாது. போட்டதை எடுக்கச் சொன்னா எடுக்கணும். இந்த ரெண்டு வரியை உங்க பிரிவுல எழுதுங்க, போதும்."

குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி, தலையசைத்தார். தங்கை இறங்கியதும் மைக் செட்காரர் ஒயரைச் செருகி, "ஃப்யூஸ் போயிடுச்சு சார்" என்று அப்பாவியாகச் சொன்னார். மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். தங்கை அவரைத் திரும்பிப் பாராமல் வெளியே போனதைக் கவனிக்கவே இல்லை.

சாயங்காலம் குழுவின் இணையப் பக்கத்தில் அன்றைய நடவடிக்கைக் குறிப்பு வந்தது. போனில் திறந்தார். டோக்கன் நாற்பத்தொன்றுக்கு நேராகத் தங்கையின் பெயர், நம்பர், முகவரி எல்லாம் இருந்தன. பாதிப்பு: காசநோய். குறிப்பு: வந்திருந்தார், பேசவில்லை.

மூச்சிரைக்க மண்டபத்துக்கு ஓடினார். செயலாளர் பையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பேசினாளே சார்! நீங்களும் கேட்டீங்களே!"

"கேட்டேன். ரெக்கார்டுல இல்லையே. இல்லாததை நான் எப்படி எழுதறது?"

"அப்ப பேரை மட்டும் எதுக்குப் போட்டீங்க?"

"வந்திருந்தாங்கல்ல."

"சரி சார், அதை எடுத்துடுங்க. புண்ணியமாப் போகும்."

"எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லப்பா," என்றார் செயலாளர், உண்மையிலேயே வருத்தமாக. "அதுக்குத்தானே இந்தப் பிரிவே வருது."

மைக் செட்காரர் தலையிலடித்துக்கொண்டார். வேறென்ன செய்வார்?

வீட்டுக்கு வந்தபோது தங்கை மறுநாளைக்கான ஏப்ரனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"பாவிங்க, இப்படிப் பண்ணிட்டாங்களேம்மா..."

"நீ என்ன பண்ணினே?"

"நானா? உன் வேலை போயிடக் கூடாதுன்னுதானே..."

"என்னைக் கேட்டியா?"

அவர் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பார்த்தார்.

"அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிச்சேண்ணா. வேலை போனா போகட்டும், இதைப் பேசிடணும்னு முடிவு பண்ணித்தான் எழுந்தேன். என் வாழ்க்கையில முதல் தடவையா நாடே கேக்கற மாதிரி ஒண்ணு சொல்ல வந்தேன். நீ பிடுங்கிட்டே." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த ஹெல்த் ஆபீஸ்காரனும் ஊர் நல்லதுக்குத்தான் போட்டானாம். எல்லாரும் நல்லதுதான் பண்றீங்க. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்க."

ஊரையெல்லாம் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இது சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது. சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

காலையில் தங்கை காப்பகத்துக்கு அவளே போன் செய்தாள். இணையத்தில் பார்த்து அவர்கள் கேட்பதற்கு முன்னால் தன் நோயையும், அது குணமானதையும், டாக்டர் கடிதத்தையும் வரிசையாகச் சொன்னாள். யோசித்துச் சொல்வதாக அந்தப் பக்கம் பதில் வந்தது. யோசிப்பதென்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்தாள்.

"ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா," என்றார் செயலாளர், பட்டியலைப் புரட்டாமலே. "விதி."

தங்கை போனைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நான் இன்னும் பேசவே இல்லையே சார். நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

செயலாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். தலைவி சிரிப்பை அடக்க முடியாமல், "வரச் சொல்லுங்க, ரெக்கார்டுல இல்லையே" என்றார்.

அன்றைய முதல் ஆளாகத் தங்கை மேடையேறினாள். அவள் பின்னால் திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது. ஸ்விட்சில் கை வைத்தபடி மைக் செட்காரர் நின்றார். மண்டபமே காத்திருந்தது, செயலாளர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார். அவர் அசையவில்லை.

"போடட்டுமாம்மா?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

தங்கை அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"போடுண்ணா."

போட்டார். அவள் மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை, ஹலோ சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, முதலில் தன் பெயரைச் சொன்னாள்.