பெரிய கம்பெனி வாங்கிவிட்டது

“வாங்கிட்டான்மா. பெரிய கம்பெனிக்காரன் அந்தச் சின்னக் கம்பெனியையே வாங்கிட்டான்.”

டிரங்க்கால் பேசிவிட்டு மாடியேறி வந்த பார்த்தசாரதி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். செங்கல்பட்டில் ரேடியோக் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் அவருடைய கம்பெனி. முதலாளி அவர், மீதி எல்லாம் ஷாஜாதி. சதுரங்கப்பட்டினத்தில் இறாலை உறைய வைக்கும் கொட்டகைகளுக்கு, குளிரைத் தானே கூட்டிக் குறைக்கும் மிஷின் ஒன்றை இருவரும் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் மூளை, அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பெனி செய்த சிப்பு. சாம்பிளாக வந்த ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அதற்குப் புரியும் எண்களை ஷாஜாதி வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். போன வாரம்தான் மிஷின் ஒழுங்காக ஓடியது.

“அப்போ நம்ம சிப்பு, சார்?”

“இனிமே செய்ய மாட்டானாம். போட்டிக்கு இருந்தத வாங்கி மூடிட்டான். பெரியவனோட சிப்புக்கு எல்லா நம்பரும் வேற. மொதல்லேர்ந்து எழுதணும். உன் உழைப்பெல்லாம் போச்சேம்மா.”

அவளுக்குக் கண் எரிந்தது. அழுகை இல்லை, எண்களைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல். மறுபடியும் முதலிலிருந்தா என்று நினைத்ததும் உடம்பே துவண்டது. ஆனால் அந்த அலுப்புக்கு அடியில் மனசு லேசாகிக்கொண்டிருந்தது. மிஷின் முடிந்ததும் நிக்காஹ் என்று அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கமில்லை. முகம் தெரியாத எவனோ எங்கோ கையெழுத்துப் போட்டு, அவள் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறான்! சிரிப்பு வந்தது. பாவம் சார் என்று அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அத்தா மொய்னுதீன் வலைக்கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

“இன்னா சார், மிஷின் ஓடுதாமே?”

பார்த்தசாரதி ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். ஷாஜாதிதான் சொன்னாள். “அது ஆவாது அத்தா. அந்த சிப்பு இனிமே வராதாம். திரும்ப எழுதணும். ஒரு வருசமாச்சும் ஆவும்.”

“அமெரிக்காவுல எவனோ கடைய வித்தான்னு சம்பந்தியாண்ட போயி நான் இன்னாம்மா சொல்றது? பேஜாரா கீதே.” அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். “நெசமாத்தான் சொல்றியா?”

“நெசம்தான் அத்தா.”

நிஜத்தைச் சொல்லிவிட்டு இப்படிக் கூசிப்போக வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அத்தா பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் மத்தியானம் மிஷினிலிருந்து மெமரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அவளுடைய எண்களையெல்லாம் எழுதி வைத்திருந்த இன்னொரு சிப்பு அது. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன்மேல் ஒட்டிய காகிதத்தை உரித்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டால் எழுதியது எல்லாம் அழிந்துவிடும். புதிதாக எழுத வேண்டுமென்றால் அழித்துத்தான் ஆகவேண்டும். காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பியவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உரித்து, மெமரியை வெயிலில் வைத்தாள்.

கைப்பிடிச் சுவரின் நிழல் மெல்ல அதன்மேல் ஏறப் பார்த்தது. ஷாஜாதி குனிந்து, ஒற்றை விரலால் மெமரியை வெயிலுக்குத் தள்ளினாள்.