பேபியின் கன்னத்து வெள்ளைக் கோடுகள்

கனடாவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரப் பிளாசா ஒன்றில் பேபியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. இடியப்பம், புட்டு, கொத்து எல்லாம் அங்கே கிடைத்தாலும், ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வருவது அவள் போடும் ஆட்டிறைச்சி ரோல்ஸுக்காகத்தான். அந்த ரோல்ஸில் உறைப்புக் குறைந்துவிட்டது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அமிர்தநாதர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், காலை நடையை முடித்துக்கொண்டு தேநீர் குடிக்கக் கடைக்கு வருவார்.

"என்ன பேபி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு?"

"வயசு போனால் உறைப்புக் கூடாது அண்ணை. உங்கடை நன்மைக்குத்தான்."

"என்ரை நன்மையை டொக்டர் பாப்பார். நீ மிளகாயைப் போடு."

பேபி சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அவளுக்குக் காரணம் தெரியும். குளிர்காலம் முடியும் முன்பிருந்தே இறைச்சிக் கறியை ருசி பார்த்தால் இடது கன்னத்தின் உட்புறம் தணலை வைத்ததுபோல எரிந்தது. நுனி நாக்கில் மட்டும் தொட்டுப் பார்த்து, "இது காணும்" என்று இறக்கிவிடுவாள். ஒருநாள் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தாள். கன்னத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடந்தன. அவற்றைச் சுற்றிச் சிவந்திருந்தது. போனில் தேடினாள். வந்த பக்கங்களில் மேலே இருந்ததை மட்டும் வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். அதற்குப் பதிலாக இன்னொரு வேலை செய்தாள். புருஷன் பத்மநாதனுக்குச் சமையல் பழக்கத் தொடங்கினாள்.

பத்மநாதன் விமான நிலையத்துக்கு டக்ஸி ஓடி ஓய்ந்தவர். கடையில் முன்பக்கத்தைப் பார்ப்பதும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் அவர் பொறுப்பு. குசினிப் பக்கம் வந்தால் பேபி அகப்பையைக் காட்டித் துரத்துவாள். அப்படிப்பட்டவள் திடீரென்று அவரைக் கூப்பிட்டு மாக் குழைக்கச் சொன்னாள். புட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் பக்குவம் சொன்னாள். வீட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷினில் எந்தப் பட்டனை அமத்துவது என்று காட்டினாள். பத்மநாதனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. போகப் போகச் சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையை நிறுத்தினார்.

"பேபி, உண்மையைச் சொல்லு. என்னை விட்டிட்டு எங்கை போகப்போறாய்?"

"என்ன கதை இது? நான் எங்கை போறது?"

"லண்டனுக்கு. கொக்கா வீட்டை."

"அக்காவோடை ஒரு கிழமை இருந்தாலே சண்டை வந்திடும். அங்கை போய் நான் என்ன செய்யிறது?" என்று பேபி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பார்த்திருக்க அழுகைக்குப் போய்விட்டாள். அவர் பதறிப்போய் மாக் கையோடேயே அவளைப் பிடித்தார். அவள் வாயைத் திறந்து கன்னத்தை இழுத்துக் காட்டினாள்.

பத்மநாதன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, திரும்பவும் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளாய் இது?"

"கனநாள்."

"எனக்குச் சொல்லாமல் மாக் குழைக்கப் பழக்கினியோ? நாளைக்குக் கடை பூட்டு."

மறுநாள் காலையே வெக்ஸ்போர்ட்டில் உள்ள பல் வைத்தியசாலையில் இருந்தார்கள். டொக்டர் லக்சிகா இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "ஹாய் அன்ரி, என்ரை தமிழ் கொஞ்சம் புரோக்கன், சொறி" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினாள்.

"அன்ரி வெத்திலை, பாக்கு போடுவீங்களா?"

"என்னைப் பாத்தால் வெத்திலை போடுற ஆள் மாதிரியே இருக்கு?"

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். சிகரட்?"

பத்மநாதன் மூலையிலிருந்து பெலத்துச் சிரித்துவிட்டார். பேபி முறைத்தாள்.

லக்சிகா நெடுநேரம் பார்த்தாள். பல்லைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், மறுபக்கக் கன்னத்தையும் நாக்கையும் பல் முரசையும் பார்த்தாள். பிறகு சின்னக் கமராவால் படமெடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டினாள். கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றில் கறுத்துப்போன பழைய உலோக அடைப்பு. விளிம்பில் உடைந்தும் இருந்தது.

"இது எப்ப அடைச்சது அன்ரி?"

"கலியாணத்துக்கு முன்னம். கொழும்பிலை."

"வாயை மூடினா உங்கடை கன்னம் சரியா இந்த ஃபில்லிங்கிலைதான் முட்டுது. கோடு எல்லாம் அந்த இடத்திலை மட்டும்தான் இருக்கு, பாருங்கோ. மற்றப் பக்கத்திலை மெட்டல் இல்லை, கோடும் இல்லை. உங்கடை ஸ்கின் அந்த மெட்டலோடை கோவம் போலை. சில ஆக்களுக்கு இப்பிடி வாறது."

பேபி வாயை மூடினாள். திறந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"கன்சரோ பிள்ளை?"

"எனக்கு அப்பிடித் தெரியேல்லை. ஆனா நான் பாத்துச் சொல்லுறது காணாது அன்ரி. ஸ்பெஷலிஸ்ட் கன்னத்திலை ஒரு குட்டித் துண்டு எடுத்து லாப்புக்கு அனுப்புவார். ஷுவர் பண்ணுவம்."

துண்டு எடுத்தது பேபி பயந்த அளவுக்கு நோகவில்லை. முடிவுக்குக் காத்திருப்பதுதான் பாடாக இருந்தது. அந்த நாட்களில் உறைப்புப் பார்க்கும் வேலையைப் பத்மநாதன் ஏற்றுக்கொண்டார். "கை உன்ரை, நாக்கு என்ரை" என்றார். அவருடைய நாக்கு தாராளமானது. அமிர்தநாதர் ரோல்ஸில் ஒரு கடி கடித்துவிட்டு விக்கல் எடுத்துத் தண்ணீருக்குக் கையை நீட்டினார். "ஒண்டில் ஆஸ்பத்திரி, இல்லாட்டி அடுப்பு. நடுவிலை ஒண்டும் இல்லையோ இந்தக் கடையிலை?"

முடிவு வந்தது மதியச் சனக்கூட்டத்தின் நடுவே. பேபியின் கை இரண்டும் மாவில் இருந்தன. "லக்சிகா எடுக்கிறா" என்று பத்மநாதன் போனைத் தூக்கி, அவசரத்தில் ஸ்பீக்கரை அமத்திவிட்டார்.

"அன்ரி, கன்சர் இல்லை!" என்று கடை முழுக்கக் கேட்டது. "நாங்க நினைச்சதுதான். பழைய ஃபில்லிங்கை எடுத்திட்டு வேறை வைப்பம். எப்ப வாறீங்க?"

வரிசையில் நின்றவர்களுக்கு முழுக்கதையும் தெரியாது. ஆனாலும் ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தமிழ் விளங்காத சீனப் பெண்ணொருத்தி 'கன்சர்' என்ற சொல்லையும் பேபியின் முகத்தையும் வைத்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து தட்டினாள். பேபி மாக் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாக நின்றாள். அமிர்தநாதர் மட்டும் தட்டவில்லை. எழுந்து வந்து, "இதையே இவ்வளவு நாளும் மனசுக்குள்ளை வைச்சிருந்தனி?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று அவர் ரோல்ஸைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அடைப்பு மாற்றும் நாளில் லக்சிகா பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பொன்றை மாட்டினாள். பழைய உலோகத் துகள் எதுவும் தொண்டைக்குள் போகாமலிருக்கத்தான் அது. உலோகம் துண்டு துண்டாக வெளியே வந்தது. கீழே பல் சூத்தையும் கொஞ்சம் ஒளிந்திருந்தது. அதையும் சுரண்டி எடுத்தாள். பிறகு பல் நிறப் பசையை மெல்லிய படையாக வைப்பாள், நீல வெளிச்சம் அடித்து இறுக்குவாள், அதன் மேல் அடுத்த படை. கடைசியில் நுண்ணிய கருவியால் பல்லின் மேடு பள்ளங்களைக் கீறினாள். அந்த நேரம் முழுக்கப் பேபிக்கு எத்தனையோ கதைகள் வாய்க்குள் வந்து முட்டின. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. கலியாணமான நாளிலிருந்து தன் மனைவி இவ்வளவு நேரம் பேசாமலிருந்து பார்த்ததில்லை என்று பத்மநாதன் உதவியாளப் பெண்ணிடம் சொன்னார். ரப்பருக்கு மேலாகப் பேபியின் கண்கள் அவரைத் தேடி வந்தன. அவர் வாசலுக்கு நழுவினார்.

எரிவு உடனே போகவில்லை. லக்சிகா அதை முன்பே சொல்லியிருந்தாள். கிழமைக்குக் கிழமை அது குறைந்தது. மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது ஒரு காலை பேபி கறியைக் கரண்டியில் அள்ளி, ஊதி, வாய் நிறைய வைத்தாள். மென்றாள். இடது பக்கத்தால் மென்றாள். "உப்புக் காணாது" என்று மட்டும் சொல்லி, அடுப்பைப் பார்த்தபடி நெடுநேரம் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

மறு பரிசோதனையில் கன்னம் இளஞ்சிவப்பாக, துப்புரவாக இருந்தது. "அடிக்கடி வந்து காட்டுங்கோ, இது திரும்பி வராமல் பாத்துக்கொள்ளுவம்" என்றாள் லக்சிகா. பேபி கதிரையிலிருந்து இறங்கி ஜக்கெட்டை மாட்டினாள். ஆனால் வெளியே போகவில்லை. வாசலில் ஜக்கெட் மாட்டிக்கொண்டிருந்த பத்மநாதனின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பிள்ளை, இவரையும் ஒருக்கால் பாருங்கோ. கனடாவுக்கு வந்த நாளிலையிருந்து ஒரு பல் டொக்டரிட்டையும் வாய் திறக்கேல்லை."

"எனக்கு ஒண்டும் இல்லை" என்றார் பத்மநாதன், வாயை இறுக மூடிக்கொண்டு.

"அங்கிள், ஜஸ்ட் பாக்கிறதுதான்."

அவர் ஏறிப் படுத்தார். கதிரை மெல்லச் சாய்ந்தது. லக்சிகா குட்டிக் கண்ணாடியை வாய்க்குள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஓ மை கோட், அங்கிள்" என்றாள். பேபி ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு மூலைக் கதிரையில் வசதியாக அமர்ந்தாள்.