வெள்ளை முடிச்சு

பசுமைக்குடிலில் காலை எட்டு மணிக்கே புழுக்கம் ஆளைப் பிழிந்தது. தொட்டிக்காரம்மா குவளையால் அளந்து, ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தாள். நீலச் சீட்டு குத்திய நாற்பது தொட்டிகளிலும் பயறுச் செடிகள் கொழுகொழுவென்று நின்றன. எதிரே, சிவப்புச் சீட்டு குத்திய நாற்பதும் அதே பச்சையில் நின்றன.

இரண்டு வாரத்துக்கு முன்பு அந்தச் சிவப்பு வரிசை சோகை பிடித்துக் கிடந்தது. அப்படித்தான் கிடக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. "தண்ணியத் தவிர வேற எதுவும் ஊத்தக் கூடாது" என்று மட்டும் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் சொல்லிவிட்டு வெளியூர் போயிருந்தார். அவள் மறந்துவிடவில்லை. தினமும் தொட்டு வளர்த்த செடி கண்ணெதிரே பட்டினி கிடக்க, மனசுதான் கேட்கவில்லை. வாசல் புல்தரைக்கு வாங்கி வைத்திருந்த யூரியாவில் ஒரு கைப்பிடி எடுத்து, வாளியில் கரைத்து ஊற்றினாள். மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை. செடிகள் தேறியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு மேடம் வந்தார். சிவப்பு வரிசையைப் பார்த்ததும் கைப்பையை அப்படியே தரையில் போட்டார்.

"இது எப்படிப் பச்சையாச்சு?"

வேரில் குடியிருந்து, காற்றில் இருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் ஒரு கிருமியைத்தான் அங்கே ஆராய்ந்தார்கள். நீல வரிசைக்கு அதை அப்படியே போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரே ஒரு ஜீனை வெட்டிவிட்டுச் சிவப்பு வரிசைக்குப் போட்டிருந்தார்கள். செடி வெளுத்தால்தான், ஊட்டும் வேலையைச் செய்வது அந்த ஜீன்தான் என்று ஊர்ஜிதமாகும். மூன்று வருட உழைப்பு.

"மணல் சரியா வேகல. நல்ல கிருமி அதுல தங்கியிருக்கு" என்று மேடம் முடிவு கட்டினார்.

தொட்டியில் நிரப்பும் முன், வேறு கிருமி எதுவும் இல்லாதபடி மணலை வேகவைப்பது குக்கர் அண்ணன். ஆளுயர நீராவி இயந்திரத்துக்கு அங்கே குக்கர் என்றுதான் பெயர். பதினோரு வருடமாக ஒப்பந்தக் கூலியாக அதை ஓட்டியதில் அவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டிக்காரம்மாவை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"ரெண்டு தடவ வேகவெச்சேன் மேடம்." அவர் இவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயும் கூட இருந்தியே. சொல்லேன்."

"ஆமா மேடம், ரெண்டு தடவ வெச்சாரு."

அது பொய்யில்லை. மீதியைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் கண்முன் வந்து நின்றார்கள்.

சாயங்காலமே அவரை நிறுத்திவிட்டார்கள். "பதினோரு வருசம் அந்த ரூம்ல வெந்திருக்கேன், கடைசில நான் வேகவெச்சது வேகலையாம் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு மூன்று நாளாக அவளைச் சாப்பிட விடவில்லை.

நான்காம் நாள், சிவப்பு வரிசையைப் பிடுங்கி மூட்டை கட்டச் சொன்னார்கள். வேரை உதறும்போது கடுகு கடுகாக முடிச்சுகள் விரலில் தட்டின. முன்பொரு நாள் நீல வரிசையில் ஒரு செடி ஒடிந்தபோது, குக்கர் அண்ணன் ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டியிருந்தார். "பாத்தியா, உள்ள ரத்தச் சிவப்பு. வேலை செய்யுற முடிச்சு இப்படித்தான் இருக்கும்."

அவள் ஒன்றைக் கிள்ளினாள். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. நல்ல கிருமி நுழைந்திருந்தால் சிவந்திருக்குமே! அந்த வேரை எடுத்துக்கொண்டு நேரே மேடம் அறைக்குப் போனாள்.

"மணல் வெந்துதான் இருந்திருக்கு மேடம். நான்தான் யூரியா ஊத்துனேன். பாவமா இருந்துச்சு. இத வெட்டிப் பாருங்க."

மேடம் பிளேடால் வெட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்து. எல்லாம் வெள்ளை. "நான் ஒண்ணக்கூட வெட்டிப் பாக்கலையே" என்று முனகினார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணனத் திரும்பக் கூப்பிடுங்க மேடம். வேணும்னா என்ன அனுப்பிடுங்க."

"மணல்தான் காரணம்னு கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். இப்ப மாத்துனா என்னைக் கேப்பாங்க." மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புதுசா மறுபடி செய்வோம். இது நமக்குள்ள இருக்கட்டும்." இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை மேசையில் வைத்தார். "குக்கர இனிமே நீயே பாத்துக்க. அந்த மூட்டைய வேகவெச்சுட்டுக் குப்பைக்கு அனுப்பிடு. இதையும் சேத்துப் போட்டுடு."

வேரையும் சாவியையும் அவள் எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

குக்கர் அறை ஆணியில் அவருடைய கையுறைகள் தொங்கின. கருகிய கட்டைவிரலில் நீல நூலால் அவரே போட்ட தையல். மாட்டிக்கொண்டாள், முழங்கை வரை வந்தது, விரல் நுனிகள் காலியாக மடங்கின. அந்த வேரையும் மூட்டையில் போட்டு, உள்ளே தள்ளிக் கதவைத் திருகினாள். முக்கால் மணி நேரத்தில் மணி அடித்தது. குப்பைக்குப் போவதற்கு ஒரு தடவை போதும். அவள் மறுபடியும் திருகினாள். உள்ளே அந்த வெள்ளை முடிச்சுகள் இரண்டாம் தடவையாக வெந்துகொண்டிருந்தன.